மறைமலை, நகர்!

பம்மல்,
2-2-1989

மறைமலை நகர் திருவாளர் வேதாசலம் அவர்களுக்கு,

காந்திமதி எழுதிக்கொண்டது. நாங்கள் நலம். ‘தங்கள் நலமறிய ஆவல்’ என்று எழுத வேண்டிய இடம் இது. ஆவல் இல்லாததால் இடத்தை மட்டும் விட்டிருக்கிறேன்.

இந்தக் கவருக்கு ஸ்டாம்பு ஒட்டவில்லை. தபால்காரர் உங்களிடம் இரட்டிப்பாக வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருப்பார். அது என் முதல் பழி. சின்னதுதான். போகப் போகப் பெரிதாகும்.

எங்கள் தமிழ் மிஸ் நேற்று ஒன்று சொன்னார். வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. ஆக வேதாசலம் என்றால் மறைமலை. உங்கள் பெயரில் ஒரு ஊரையே வைத்து, பக்கத்திலேயே ‘நகர்’ என்றும் சொல்லியிருக்கிறார்கள். மறைமலை, நகர்! அம்மா வாய்விட்டுச் சொல்லாததை ஜி.எஸ்.டி. ரோட்டில் போர்டே எழுதி மாட்டியிருக்கிறார்கள். நகர்ந்தீர்கள். சந்தோஷம்.

நேரில் உங்களை நீ, வா, போ என்பேன். இங்கே நீங்கள். மரியாதை என்று ஏமாற வேண்டாம். தூரம்.

காணும் பொங்கல் அன்று தாம்பரம் வீட்டு மாடிப்படியில் விழுந்து அம்மா வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். மாமா எங்களைப் பம்மலுக்குக் கூட்டி வந்துவிட்டார். “குடிய வுட்டாதான் வூடு” என்று அம்மா உங்களிடம் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “விட்டுட்டேன் கங்கா” என்றீர்கள். நீங்கள் விட்டது தொண்டைக்குள்ளே என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் சொல்ல ஒன்று வைத்திருக்கிறேன். சேர்ந்தாற்போல் நூறு நாள் குடிக்காமல் இருந்தால் நூறாவது நாள் எழுதுவேன். பரிசு என்று நினைக்காதீர்கள். குடித்த ஆளிடம் சொன்னால் அன்றைக்கு அழுவீர்கள், மறுநாள் மறந்துவிடுவீர்கள். எனக்குத் தெளிந்த ஆள் வேண்டும். நன்றாக வலிக்கிற ஆள். சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கப் பார்த்தாள். நான் பெயரில் மட்டும்தான் காந்தி.

இப்படிக்கு,
‘பாசமுள்ள’ என்று போடாத மகள்,
காந்திமதி

*

மறைமலை நகர்,
9-2-1989

அன்பு மகள் காந்திமதிக்கு அப்பா எழுதுவது. நான் சுகம். நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் கட்டை எப்போது பிரிப்பார்கள்?

கவரைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். “யார் சார் இது, ஸ்டாம்பு கூட ஒட்டாம? எதிரியா?” என்றார் தபால்காரர். “பொண்ணு” என்றேன். “அப்ப சரி” என்று போய்விட்டார்.

பட்டறையில் என்னோடு லேத் ஓட்டும் சின்னப்பன் தன் அறையில் எனக்கு ஒரு பாய் விரிக்க இடம் கொடுத்திருக்கிறான். அவன் தினம் சாயங்காலம் குடிப்பவன். ஆனால் என்னை வா என்று ஒரு நாளும் இழுத்ததில்லை. பழியை அவன் மேல் போட முடியாது.

விட வேண்டும் என்று காலையில் நினைக்கிறேன். உண்மையாகவே நினைக்கிறேன். கஷ்டம் ஆறு மணிக்கு. ஷிப்ட் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது உள்ளே ஒருவன் பேச ஆரம்பிக்கிறான். “இன்னா வேதாசலம், கை நடுங்கிகினு கீது? நாளைக்கு மெஷின்ல வெரல் போயிட்டா யாரு பொறுப்பு? ஒண்ணே ஒண்ணு வுட்டுக்கோ, நிக்கும்” என்கிறான். வேண்டாம் என்றால் சரி என்று போகிறவன் இல்லை. காரணம் கேட்கிறான். நான் ஒரு காரணம் சொன்னால் அவன் நாலு சொல்கிறான். மழை பெய்தால் குளிர் என்கிறான், வெயில் அடித்தால் தாகம் என்கிறான். என் குரலிலேயே பேசுகிறான் காந்தி. அதனால் எது அவன், எது நான் என்று தெரியவில்லை.

நூறு நாளுக்கு ஒப்புக்கொள்கிறேன். அந்த விஷயம் என்னவென்று கேட்க மாட்டேன்.

அப்பா,
வேதாசலம்

*

பம்மல்,
11-2-1989

திருவாளர் வேதாசலம் அவர்களுக்கு,

நலம். அம்மா கட்டுப் பிரிக்க இன்னும் நாள் இருக்கிறது. இந்தக் கவருக்கும் ஸ்டாம்பு இல்லை. இனி எதற்கும் இருக்காது.

உள்ளே ஒருவன் என்றீர்களே, அவன் யார் என்று எனக்குத் தெரியும். அவன் குடித்தனக்காரன். உங்களுக்குள் ‘குடி’ இருக்கிறான். பெயர் ஒண்ணேஒண்ணு சார்.

குடித்தனக்காரனைக் கிளப்புவது எப்படி என்று நமக்குப் பாடம் நடத்தியவர் மேற்குத் தாம்பரம் ஹவுஸ் ஓனர் துரைராஜ். உங்கள் சாயங்காலக் கூச்சல் தாங்காமல் மாடியைக் காலி செய்யச் சொன்னாரே, அப்போது அவர் கோர்ட்டுக்குப் போனாரா? சண்டை போட்டாரா? மோட்டாரை நிறுத்தினார், அவ்வளவுதான். அவர் நமக்குத் தண்ணியை நிறுத்தினார். நீங்கள் தண்ணியை நிறுத்தவில்லை. இரண்டு தண்ணிக்கும் நடுவில் அம்மா தெருப் பம்பிலிருந்து குடம் தூக்கினாள். பெயர் கங்கம்மா!

“அண்ணா, ஒரு பத்து நிமிசம் மோட்டார் போடுங்கண்ணா” என்று அம்மா மாடியிலிருந்து கெஞ்சுவாள். துரைராஜ் கீழே சேரில் உட்கார்ந்து சாவியால் காது குடைவார். முடியாது என்றுகூடச் சொல்ல மாட்டார். முடியாது என்றால் ஏன் என்று கேட்போம். ஏன் என்றால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் இன்னும் ஒரு மாதம் உட்கார்ந்திருப்போம். அந்த மனுஷனை எனக்குப் பிடிக்காது. ஆனால் வித்தை தெரிந்த ஆள்.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஆறு மணிக்கு ஒண்ணேஒண்ணு சார் பேச ஆரம்பித்தால் பதில் சொல்லாதீர்கள். காது குடையுங்கள். அம்மா ஊரெல்லாம் உங்களை ‘எங்க வீட்டுக்காரர்’ என்கிறாள். வீட்டுக்காரரே, உள்ளே அவன் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறான், நீங்கள் வாசலில் நிற்கிறீர்கள். மானமாக இல்லையா?

நோட்டீஸ் தயாரித்திருக்கிறேன். சட்டைப் பையில் வைத்துக்கொள்ளவும்.

நோட்டீஸ்
பெறுபவர்: திரு. ஒண்ணேஒண்ணு, வேதாசலம் உள்பக்கம், தொண்டைக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள போர்ஷன்.
இதுவரை நீர் காலி செய்த பாட்டில்கள் போதும். இனி இடத்தைக் காலி செய்யவும். இந்த நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நிமிஷம் முதல் உமக்குத் தண்ணி நிறுத்தப்படுகிறது.

இப்படிக்கு,
காந்திமதி

பி.கு.: காலி செய்த அன்று துரைராஜின் மோட்டார் ரூமில், பைப்புக்குப் பின்னால் ஒரு வஞ்சிரக் கருவாட்டைச் செருகிவிட்டு வந்தேன். இந்நேரம் ஆள் மூக்கைக் குடைந்துகொண்டிருப்பார். பழி என்றால் எனக்குச் சோம்பல் கிடையாது என்பதற்காகச் சொல்கிறேன்.

*

மறைமலை நகர்,
24-2-1989

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நலம் என்றால் நலம்தான். வலது காது மட்டும் வீங்கியிருக்கிறது.

இன்று பன்னிரண்டாவது நாள். முதல் நாலு நாள் உடம்பு பூராவும் வியர்வை. சோறு இறங்கவில்லை. லேத்தில் கை நிற்கவில்லை என்று சூப்பர்வைசர் என்னைப் பெருக்குகிற வேலைக்குப் போட்டார். கடலை மிட்டாயாக வாங்கித் தின்கிறேன். ஆறு மணிக்கு சைக்கிள் சாவியால் காதைக் குடைந்துகொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் போகிறேன். காது குடைகிறவனுக்கு ஒரு கைதான் மிச்சம், அதுவும் நடுங்குகிற கை. ஒரு நாள் லாரிக்காரன் திட்டிவிட்டுப் போனான்.

ஆனால் வித்தை வேலை செய்கிறது. ஒண்ணேஒண்ணு சார் தடுமாறுகிறான். பதில் வராததால் முதலில் கோபித்தான். பிறகு கெஞ்சினான். நேற்று அழுதான். “எத்தினி வருசப் பழக்கம்ப்பா, மூஞ்சிய கூட பாக்க மாட்டேன்றியே” என்றான். பாவமாகத்தான் இருந்தது.

சின்னப்பன் உன் நோட்டீஸைப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். தனக்கும் ஒன்று எழுதித் தரச் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, “வாணாம் மச்சான், என் ஆளு இருவது வருசமா கீறான், கோச்சுக்குவான்” என்றான்.

கங்காவுக்குச் சொல்லு. வேண்டாம், நூறு நாள் ஆகட்டும்.

அப்பா

*

மறைமலை நகர்,
12-3-1989

கண்ணு காந்தி,

அப்பா ரொம்ப ரொம்ப நலம். நீ எப்படி இருக்கிறாய், நீ என் உயிர். இன்று இருபத்தெட்டாவது நாள், அப்பா ராஜா மாதிரி இருக்கிறேன். உனக்குத் தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை வாங்கித் தருகிறேன் கண்ணு, நீ கேட்ட மயில் கழுத்துக் கலர். அம்மாவுக்கும். துரைராஜ் கிடக்கிறான், அவன் வீட்டு எதிரிலேயே நாம் மாடி கட்டுவோம். உன் மாதிரிப் பிள்ளை யாருக்குக் கிடைக்கும். அப்பாவை மன்னித்துவிடு கண்ணு.

உன் அன்பு அப்பா

*

பம்மல்,
15-3-1989

திருவாளர் ஒண்ணேஒண்ணு அவர்களுக்கு,

ஆமாம், உங்களுக்குத்தான் எழுதுகிறேன். பன்னிரண்டாம் தேதி கடிதத்தை எழுதியது நீங்கள்தானே? கையெழுத்து அவருடையது. வார்த்தை உங்களுடையது.

‘கண்ணு’ மூன்று இடத்தில் வருகிறது. அவர் என்னைக் கூப்பிடுவது ‘காந்தி’ என்று, அல்லது ‘ஏ பொண்ணு’ என்று. ‘கண்ணு’ என்பது பாட்டில் திறந்த பிறகு வரும். எட்டு வயதில் அந்தச் சத்தம் வாசலில் கேட்டதும் நான் அம்மாவின் தையல் மெஷினுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். அம்மா மிதித்துக்கொண்டே இருப்பாள். இதுவரை எனக்குக் கிடைத்த கண்ணு எல்லாம் பிராந்தி வாசனையோடு கிடைத்தது. சட்டையில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன். அந்த வாசனை போகாது.

பட்டுப் பாவாடை நான் கேட்டது ஐந்தாம் வகுப்பில். இப்போது ப்ளஸ் ஒன் படிக்கிறேன் என்று அவரிடம் சொல்லவும்.

இருபத்தெட்டு ஒழிந்தது. பூஜ்யம். முதலிலிருந்து வரச் சொல்லவும். நான் அவசரப்படவில்லை. நான் வைத்திருக்கும் விஷயம் ஊசிப்போகாது. ஊறுகாய் மாதிரி, நாளாக நாளாக உறைக்கும்.

இப்படிக்கு,
யாருடைய கண்ணும் இல்லாத
காந்திமதி

*

மறைமலை நகர்,
20-4-1989

காந்திமதிக்கு,

நலமா என்று கேட்கக்கூட முகம் இல்லாமல் ஒரு மாதம் எழுதவில்லை. தமிழ் வருஷப் பிறப்புக்கு ஒரு கார்டு எழுதிக் கிழித்தேன்.

நீ சொன்னது சரி. அன்றைக்குக் குடித்தேன். அடுத்த ஒரு வாரமும் குடித்தேன். எப்படி நடந்தது என்று சொல்கிறேன். சாக்கு சொல்வதாக நினைக்காதே, அவன் எந்த வழியாக வந்தான் என்று உனக்குத் தெரிய வேண்டும். அழுதான், கெஞ்சினான் என்றேன் அல்லவா? அதன் பிறகு பாராட்ட ஆரம்பித்தான். “இருவத்தேழு நாளு வுட்டுட்டியே! நீ குடிகாரனே இல்லப்பா. குடிகாரனா இருந்தா இப்டி வுட முடியுமா? சரி, குடிகாரன் இல்லாதவன் ஒண்ணு வுட்டா இன்னா தப்பு?” என்றான். காதைக் குடைய மறந்து, “ஆமாம்ல?” என்று பதில் சொன்னேன். ஒரே ஒரு வார்த்தை.

மறுபடி மார்ச் இருபத்தொன்றிலிருந்து ஆரம்பித்து இன்று முப்பத்தொன்று. இப்போது பிராந்திக் கடை இருக்கிற பக்கமே போவதில்லை. ரயில்வே லைனை ஒட்டிச் சுற்றிக்கொண்டு வருகிறேன். நோட்டீஸ் வியர்வையில் நைந்துவிட்டது. சின்னப்பன் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தான்.

உன் நோட்டீஸில் ஒரு தப்பு இருக்கிறது காந்தி. குற்றமெல்லாம் அவன் மேல் எழுதியிருக்கிறாய். அவன் பூட்டை உடைத்து வரவில்லை. சாவியை நான்தான் கொடுத்தேன். எதற்குக் கொடுத்தேன் என்பதும் எனக்குக் கொஞ்சம் தெரியும். இப்போது எழுத வரவில்லை.

அம்மா கை?

வேதாசலம்

*

பம்மல்,
7-5-1989

திருவாளர் வேதாசலம் அவர்களுக்கு,

அம்மா கை என்று இரண்டு வார்த்தையில் கேட்டிருக்கிறீர்கள். பதிலும் இரண்டு வார்த்தைதான். திரும்பாத கை. கட்டுப் பிரித்தாகிவிட்டது. மணிக்கட்டு மேலும் கீழும் போகும், பக்கவாட்டில் திரும்பாது. துணியை வெட்டும்போது கத்திரிக்கோல் பாதியில் நின்றுவிடுகிறது. வலிக்கவில்லை என்று சொல்கிறாள். பொய் சொல்வதில் அம்மாவுக்குப் பழக்கம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடம் லீவு. மெஷினில் நான் உட்காருகிறேன். அம்மா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, “பக்கம் புடி, மடி, ஓட்டு, நிறுத்து” என்கிறாள். தோல் பதனிடும் ஷெட்டு நாற்றம் ஜன்னல் வழியாக வருகிறது. ஊசியில் நூல் கோர்க்கும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன். பாசத்தில் இல்லை. கையில் ஊசி இருப்பதால்.

ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தேன். அம்மா அதை எடுத்துப் பார்த்துவிட்டு, “எனக்குத் தச்சியா?” என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள். அதையும் உங்கள் பெயரில் எழுதி வைத்திருக்கிறேன்.

அம்மா உங்களைப் பற்றிக் கேட்பதில்லை. தினம் காலையில், “இன்னிக்கு எத்தினி?” என்கிறாள். எத்தனை என்ன என்றால், “தேதிய கேட்டேன்டி” என்கிறாள். காலண்டர் அவள் மூக்குக்கு நேரே தொங்குகிறது. நாற்பத்தெட்டு என்றேன். “சரி” என்றாள். எந்த மாதத்தில் நாற்பத்தெட்டாம் தேதி வருகிறது?

நான் அம்மா இல்லை. நான் எண்ணுவது வேறு காரணத்துக்கு.

காந்திமதி

*

மறைமலை நகர்,
22-6-1989

அன்பு மகளுக்கு,

நலம். தொண்ணூற்று நாலு. கை நிற்கிறது. சூப்பர்வைசர் மறுபடி லேத்தில் விட்டுவிட்டார்.

இன்று நடந்ததைச் சொல்கிறேன். மழைத் தண்ணீர் தேங்கி லைன் ஓரத்துப் பாதை அடைத்துவிட்டது. ஜி.எஸ்.டி. ரோடு வழியாக வர வேண்டியதாயிற்று. கடைக்கு எதிரே வரும்போது அவன் பேசினான். ரொம்ப நாளாகப் பேசாதவன். மெதுவாகத்தான் பேசினான். “ஆறே நாளு கீது. உன் பொண்ணு இன்னா வெச்சுகினு கீதுன்னு உனக்குத் தெரியாதா? இன்னிக்கு ஒண்ணு வுட்டா பூஜ்யம். அத்த நீ கேக்கவே வாணாம். மறுபடி தொண்ணூறு வரைக்கும் வா, மறுபடி ஒண்ணு வுடு. சாகற வரைக்கும் கேக்க வாணாம்” என்றான்.

குளிர், தாகம், நடுக்கம் என்று அவன் சொன்னதெல்லாம் பொய் காந்தி. இது ஒன்றுதான் உண்மை. உண்மையைச் சொன்னதும் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. கடை வாசலில் இறங்கிவிட்டேன். காதைக் குடைந்தேன். காதுக்குள்ளே இருக்கிறவனுக்குச் சாவி எப்படிக் கேட்கும்?

கடைசியில் உன் முதல் கடிதம்தான் ஞாபகம் வந்தது. “மறைமலை, நகர்!” என்றேன். வாய்விட்டே சொன்னேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், “இதாம்ப்பா மறைமலை நகர், வந்துட்ட” என்றார். நான் நகர்ந்தேன்.

இருபத்தெட்டாம் தேதி எழுது. ஸ்டாம்பு ஒட்டாமலே அனுப்பு.

அப்பா

*

பம்மல்,
28-6-1989

வேதாசலம் அவர்களுக்கு,

நூறு.

இந்தக் கடிதத்தில் விளையாட்டு எதுவும் இல்லை.

காணும் பொங்கல். மணி நாலு, நல்ல வெயில். நீங்கள் மதியத்திலிருந்து குடித்திருந்தீர்கள். துரைராஜ் மோட்டார் போடவில்லை, அவனை உண்டு இல்லை என்று பண்ணுகிறேன் என்று கத்திக்கொண்டு கீழே போகப் புறப்பட்டீர்கள். அம்மா தெருப் பம்பிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தாள். கடைசிப் படிக்கு வந்துவிட்டாள். “வாணாங்க, போவாதீங்க, நான் எடுத்தாந்துட்டேன்” என்று குடத்தைக் காட்டினாள். குடம் நிறைந்திருந்தது.

நீங்கள் சொன்ன வார்த்தை “நவுரு”. சொல்லிக்கொண்டே தோளில் கை வைத்துத் தள்ளினீர்கள். அம்மா ஒன்பது படியும் குடத்தோடு உருண்டாள். கீழே கை மடங்கிக் கிடந்தாள். நீங்கள் அவளைத் தாண்டிப் போனீர்கள். குனிந்துகூடப் பார்க்கவில்லை. துரைராஜ் வீட்டுக் கதவைத் தட்டி, தண்ணி கேட்டீர்கள்.

நான் மேலே, உங்களுக்குப் பின்னால், கதவோரம் நின்றிருந்தேன்.

துரைராஜிடம், ஆஸ்பத்திரியில், மாமாவிடம், மறுநாள் உங்களிடம், எல்லாரிடமும் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். “தண்ணி வழுக்கிடுச்சு.” அதில் பொய் இல்லை. தண்ணிதான்.

நூறு நாள் உங்களைத் தீட்டி வைத்தது இதற்குத்தான். இனி நீங்கள் குடித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. என் வேலை முடிந்தது.

இப்படிக்கு,
மேல்படியில் நின்றவள்

*

பம்மல்,
10-7-1989

வேதாசலம் அவர்களுக்கு,

பன்னிரண்டு நாளாகப் பதில் இல்லை. கவர் திரும்பி வரவில்லை. ஆகவே காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள். படித்தும் இருப்பீர்கள்.

குடித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமையை அன்றைக்கே முடித்துக்கொண்டேன். ஆனால் காலையில் அம்மா, “இன்னிக்கு எத்தினி?” என்கிறாள். என்ன சொல்வது என்று தெரியாமல், “பத்து” என்று தேதியைச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்தாள். “இன்னாடி எழுதின அந்தாளுக்கு?” என்றாள்.

பழி இனிக்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நாள் இனித்தது. மூன்றாவது நாளிலிருந்து தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலே எரிச்சலாக இருக்கிறது.

ஒரு வெற்றுக் கார்டாவது போடவும்.

காந்திமதி

*

மறைமலை நகர்,
16-7-1989

காந்திக்கு அப்பா எழுதுவது.

நூற்றுப் பதினெட்டு.

படி ஒன்பது இல்லை, பத்து. போன ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் போய் எண்ணிப் பார்த்தேன். அடியில் உள்ள படி தரையோடு அமுங்கியிருப்பதால் மேலே இருந்து தெரியாது. கீழே விழுந்தவளுக்குத் தெரியும்.

எதற்குச் சாவி கொடுத்தேன் என்று எழுத வரவில்லை என்றேனே, இதற்குத்தான். எனக்கு மறக்கவில்லை காந்தி. ஒரு நாளும் மறக்கவில்லை. மறுநாள் காலையில் கங்கா கட்டுப் போட்ட கையோடு, “தண்ணி வழுக்கிடுச்சு” என்றாள். உள்ளே இருந்தவனும் அதையே சொன்னான். இரண்டு பேர் சொன்னதும் மூன்றாவதாக நானும் சேர்ந்துகொண்டேன். ஆனால் ஆறு மணி ஆனால் கையில் அவள் தோள் ஈரம் தெரியும். குடத்துத் தண்ணீர் தளும்பி நனைந்த ஜாக்கெட். அது தெரியாமல் இருக்கத்தான் பொங்கலுக்கு அப்புறம் குடித்தேன். குடியை விடுவது கஷ்டம் என்று உனக்கு எழுதினேன். விட்டால் அந்த ஈரம் தெரியும் என்பதுதான் கஷ்டம். அதை எழுதவில்லை.

‘நவுரு’ என்று சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. நீ முதல் கடிதத்தில் அந்த வார்த்தையை வைத்து விளையாடியபோது, தெரிந்துதான் எழுதுகிறாயோ என்று திரும்பத் திரும்பப் படித்தேன். கடை வாசலில் அதே வார்த்தையை என்னைப் பார்த்துச் சொன்னேன் என்றேன் அல்லவா, வேறு எந்த வார்த்தைக்கும் நான் நகர்ந்திருக்க மாட்டேன்.

ஆக, நீ எழுதியதில் எனக்குத் தெரியாதது ஒண்ணே ஒண்ணுதான். நீ மேலே நின்றாய் என்பது.

அது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. நீ கடைக்குப் போயிருந்தாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கேட்டபடியே ஆயிற்று. தெளிந்த ஆளுக்கு, நன்றாக வலிக்கிறது. இத்தனை நாள் பேனாவை எடுக்க முடியவில்லை. அத்தனை நாளும் ஆறு மணிக்கு சின்னப்பன் பாட்டிலோடு வெளியே திண்டாடினான். நான் அறைக்குள் இருக்கும்போது திறக்க அவனுக்கே பயமாக இருந்ததாம்.

துரைராஜ் வீட்டில் படியை எண்ணிக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். “கங்கா வழுக்கி விழல, நான் தள்ளினேன்” என்று சொன்னேன். அவளிடம் பொய்யை முதலில் கேட்டவர் அவர், உண்மையையும் முதலில் அவர் கேட்கட்டும் என்று தோன்றியது. அவர் சாவியை எடுத்தார். காது குடைந்தார். பிறகு, “மோட்டார் ரூம்ல கருவாடு வெச்சது நீதானா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதுவாவது என் தலையில் இருக்கட்டும்.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. அதை முன்பு ஒருவன் எழுதினான். நீ பார்த்துவிட்டாய். கங்காவிடம் நான் நேரில் சொல்ல வேண்டும். அவள் இனி யாரிடமும் வழுக்கி விழ வேண்டாம்.

கண்ணு.

காலை ஏழு மணி. பல் தேய்த்துவிட்டு டீ மட்டும் குடித்திருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் அந்த வார்த்தையை அடித்துவிடு.

அப்பா

*

பம்மல்,
20-7-1989

அப்பா,

நலம். நலமறிய ஆவல். இந்தத் தடவை இடம் விடவில்லை, எழுதியே இருக்கிறேன்.

நீ மோசக்காரன். நூறு நாள் நான் கத்தி தீட்டுகிறேன், அதே கத்தியை நீ ஏற்கெனவே உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். இனிமேல் உன்னிடம் ரகசியம் வைக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். சொல்லாதே என்றதைச் சொன்னதற்கு அறை விழும் என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டே படித்தேன். ‘படி ஒன்பது இல்லை, பத்து’ என்ற இடத்தில், “ஆமா, பத்துதான்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “வந்து சொல்லச் சொல்லு” என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, “சொல்லிட்டுப் போவச் சொல்லு” என்றாள். இரண்டையும் அப்படியே எழுதுகிறேன். எதையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா. இங்கேயும் தெருப் பம்புதான். எங்கள் வாசலிலிருந்து எண்பது அடி. பன்னிரண்டு குடம் தூக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்புறம் அம்மா எதிரே நில்லு. வழியில் யாராவது நின்றால் ‘நவுரு’ என்று சொல்லாதே. அவர்கள் நகரும் வரை குடத்தோடு நில்லு. நான் வாசலில் உட்கார்ந்து பார்ப்பேன். சிரிக்க மாட்டேன் என்று உறுதி சொல்ல முடியாது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அம்மா கை திரும்பும் வரைக்கும் அந்தப் பேச்சே இல்லை. திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கண்ணு என்ற வார்த்தையை அடிக்கலாம் என்று பேனாவை எடுத்தேன். பேப்பரை மோந்து பார்த்தேன். டீ வாசனைகூட இல்லை, லேத் எண்ணெய் வாசனைதான். பென்சிலால் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாயால் ஒரு தரம் சொல்லு. அப்புறம் முடிவு செய்கிறேன்.

காந்தி

பி.கு.: இந்தக் கவருக்கு ஸ்டாம்பு ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டவில்லை. வழக்கம்போல அப்படியே போடத்தான் எடுத்துப் போனேன். அம்மா வாங்கி ஒட்டினாள். இடது கையால் ஒட்டியதால் கோணலாக இருக்கும்.